கடல் கடக்கும் பணம்

கும்பகோணத்தில் வாழும் அம்மையார் ஒருவர், சிங்கப்பூரில் குடியிருக்கும் தம் மகளின் பேறுகாலத்திற்குத் துணையாகச் சென்று, ஒரு திங்கள் தங்கிவர எண்ணுகிறார் எனக் கொள்க. கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் கிடைத்துவிட்டன. விமானச் சீட்டும் வாங்கியாயிற்று. பேறுகால இலேகியமும் மெல்லிய பழந்துணிகளும் பெட்டியில் அடுக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பது கைச்செலவுப் பணம் ஒன்றே. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஐம்பதாயிரம் ரூபாய் அவரிடம் உள்ளது. மருமகனிடம் கை நீட்டாமல், பேரக் குழந்தைக்கு வேண்டியவற்றைத் தம் பணத்திலேயே வாங்கித் தர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இந்த ஐம்பதாயிரம் ரூபாயைச் சிங்கப்பூரில் செல்லும் பணமாக மாற்றுவது எவ்வாறு? நோட்டாகவே மாற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வதே நலம் என்கிறார் அண்டை வீட்டார். வங்கியில் பணிபுரியும் உறவினரோ, 'ஃபாரெக்ஸ் கார்டு' என வழங்கும் பயண அட்டையை வாங்கச் சொல்கிறார். உள்ளூரில் பயன்படும் டெபிட் கார்டே எங்கும் செல்லும் என்கிறான் இளைய மகன். மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அவர் எவ்வழியைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்ப அவர் கையில் சேரும் டாலரின் தொகை கூடும் அல்லது குறையும். குறையும் தொகை எங்கே போகிறது என்பது பலர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பணத்தைக் கடல் கடத்தும் தொல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பொன்னும் வெள்ளியும் பணமாக இருந்த காலத்தில் அவை எங்கும் செல்லுபடியாயின. வாங்குவோர் எடைபோட்டும் உரைத்தும் பார்த்து ஏற்றுக்கொண்டனர். கரூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் உரோமப் பேரரசின் காசுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துள்ளன. கடல் வாணிகத்தின் வாயிலாகத் தமிழகத்தை அடைந்த பணம் அது. ஆனால் பொன்னுக்கு ஒரு குறை உண்டு. உடையவனுக்குப் பொன்னாக இருப்பது கள்வனுக்கும் பொன்னே. இடுப்புக் கச்சையில் காசுகளைத் தைத்துக்கொண்டு சென்ற வணிகன் சத்திரத்தில் கண்ணயரவும் அஞ்சினான்.

ஆதலின், பணத்தை எடுத்துச் செல்வதற்கு மாறாக, 'இவருக்கு இவ்வளவு பணம் தருக' என எழுதிய தாளை எடுத்துச் செல்லும் வழக்கம் பல நாடுகளில் தோன்றியது. நம் நாட்டில் அதற்கு உண்டியல் என்று பெயர். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டு நகரத்தார் உண்டியல்களைப் பெருக வழங்கினர். இரங்கூனில் எழுதப்பட்ட உண்டியலைச் சென்னையில் காட்டிப் பணம் பெற முடிந்தது. அத்தாளுக்கு மதிப்பை அளித்தது அதை எழுதியவருடைய நாணயமே. காசைக் குறிக்கும் சொல்லே நேர்மையையும் குறிக்குமாறு தமிழில் அமைந்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஐரோப்பாவிலும் இத்தகைய முயற்சி நடந்தது. இராபர்ட் ஹெரிஸ் என்னும் ஸ்காத்லாந்து வங்கியாளர் 1772ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து சுற்றுச்சீட்டுகளை வெளியிட்டார். ஐரோப்பாவின் பல நகரங்களில் அவற்றைக் கொடுத்துப் பணம் பெறலாம். பயண ஏற்பாட்டாளராகப் புகழ்பெற்ற தாமஸ் குக்கின் நிறுவனமும் 1874ஆம் ஆண்டில் அத்தகைய சீட்டுகளை வெளியிட்டது. பின்னர், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவரான பார்கோ என்பவர் ஐரோப்பாவிற்குச் சென்றபோது, தாம் கொண்டுசென்ற கடன்மதிப்புக் கடிதத்தைப் பெருநகரங்களுக்கு வெளியே பணமாக்க இயலாமல் இடருற்றார். தலைவருக்கே இந்நிலையெனின் ஏனையோர் என் செய்வர்? ஊர் திரும்பிய அவர், இதற்கு ஒரு வழி காணுமாறு தம் அலுவலர் மார்செல்லஸ் பெரியிடம் கூறினார். அவ்வாறு 1891ஆம் ஆண்டில் பிறந்ததே பயணிகள் காசோலை. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது காசாளர் கண்ணெதிரே மற்றொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் பணம். எழுத்தறிந்த எவரும் எளிதிற் கையாளக்கூடிய இம்முறை ஒரு நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் வழங்கியது. இன்று அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் இடத்தைப் பயண அட்டை பற்றிக்கொண்டது.

இந்தியரைப் பொறுத்தவரை, பணத்தை எவ்வடிவில் எடுத்துச் செல்வது என்பதற்கு முன்னரே, எவ்வளவு எடுத்துச் செல்ல விடுவார்கள் என்னும் வினா நெடுங்காலம் நின்றது. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த காலம் அது. 1966ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது; அதுவரை 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த ஓர் அமெரிக்க டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. அக்காலத்தில் மேற்படிப்புக்கு அயல்நாடு சென்ற மாணவர் பலர் எட்டு டாலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானமேறினர் என்பதை இன்றைய இளைஞர் நம்புவது கடினம். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் மேலும் கடுமையாக இருந்தது. 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனை நீக்கியது. 2004ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கி, ஒருவர் 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்றது. 2015ஆம் ஆண்டில் இவ்வரம்பு நிதியாண்டு ஒன்றுக்கு 2,50,000 டாலராக உயர்ந்தது. கும்பகோணத்து அம்மையாரின் ஐம்பதாயிரம் ரூபாய் இவ்வரம்பின் அருகிலும் செல்லாது. எனினும், நோட்டாக எடுத்துச் செல்வதற்குத் தனி வரம்பு உண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் மதிப்புள்ள அயல்நாட்டு நோட்டுகளையே கொண்டுசெல்லலாம். எஞ்சியதை அட்டையிலோ பிற வடிவிலோதான் எடுத்துச் செல்ல வேண்டும்.

பயண அட்டை என்பது யாது? அது முன்னரே பணம் செலுத்தி வாங்கும் அட்டை. வங்கியிலோ, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணயமாற்று நிறுவனத்திலோ கடவுச்சீட்டையும் வருமானவரிக் கணக்கெண் அட்டையையும் பயணச் சான்றையும் காட்டிப் படிவம் நிரப்பினால் அது கிடைக்கும். அன்றைய விலைக்கு ரூபாயைச் செலுத்தினால், அதற்கீடான டாலரோ யூரோவோ அட்டையின் கணக்கில் ஏறும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையாயின் ரொக்கமாகக் கொடுக்க இயலாது. காசோலையாகவோ வங்கிக் கணக்கின் வழியாகவோ செலுத்த வேண்டும்.

அட்டைக்குள் பணம் இல்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். அதில் இருப்பது சிறு சில்லு ஒன்றே. சிங்கப்பூரிலுள்ள கடைக்காரர் அட்டையைப் பொறியில் வைத்தவுடன், அப்பொறி தன் வங்கியைக் கேட்கிறது. அவ்வங்கி விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பின் வழியாக, அட்டையை வழங்கிய இந்திய வங்கியைக் கேட்கிறது. 'இவர் கணக்கில் இவ்வளவு தொகை உண்டா?' என்பதே அக்கேள்வி. 'உண்டு' என்னும் விடை சில நொடிகளில் கடல் கடந்து திரும்புகிறது. இரங்கூன் உண்டியல் பல நாள் கப்பலில் வந்து செய்த வேலையை இது நொடிப்பொழுதில் செய்கிறது. வேலை ஒன்றே.

இனி, விலையைப் பற்றிக் காண்போம். பயண அட்டையைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே.

ஒரு நாட்டின் பணத்தை மற்றொரு நாட்டின் பணமாக மாற்றும்போது இரண்டு வகையில் செலவு நேர்கிறது. ஒன்று, கட்டணம் என்று வெளிப்படையாக எழுதி வாங்குவது. மற்றொன்று, மாற்று விலையிலேயே சேர்த்து வாங்குவது. பெரிய வங்கிகள் தமக்குள் பணத்தை வாங்கி விற்கும் நடுவிலை ஒன்று உண்டு. அவ்விலை பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை. விற்போர் ஒவ்வொருவரும் அதன்மேல் தத்தம் ஆதாயத்தை ஏற்றியே விற்பர். ஏற்றியது எவ்வளவு என்று எந்தப் பற்றுச்சீட்டிலும் தனியே அச்சிடப்படுவதில்லை.

சான்றாக, ஒரு சிங்கப்பூர் டாலரின் நடுவிலை 65 ரூபாய் எனக் கொள்க. இத்தொகைகள் கணக்கு விளங்குதற்பொருட்டு வைத்துக்கொண்டவை. உண்மை விலை நாள்தோறும் மாறும். முதல் நிறுவனம் அட்டைக்கு 300 ரூபாய் கட்டணம் கேட்கிறது. ஆனால் டாலரை 66 ரூபாய்க்குத் தருகிறது. இரண்டாம் நிறுவனம், 'அட்டை இலவசம்' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறது. டாலரின் விலை 68 ரூபாய். இவற்றோடு, பணமாற்றுச் சேவைக்கு அரசு விதிக்கும் சரக்கு சேவை வரியும் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அது 90 ரூபாய்.

அம்மையார் முதல் நிறுவனத்திற்குச் சென்றால், கட்டணமும் வரியும் போக எஞ்சிய 49,610 ரூபாய்க்கு ஏறத்தாழ 751 டாலர் கிடைக்கும். இரண்டாவதற்குச் சென்றால், வரி மட்டும் போக 49,910 ரூபாய்க்கு 734 டாலர் அளவில் கிடைக்கும். இலவச அட்டை அவருக்கு 17 டாலர் குறைத்துத் தருகிறது. அஃதாவது ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல். முந்நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய் ஆயிரத்துக்கு மேல் இழப்பது நல்ல வாணிகம் ஆகுமா? கத்தரிக்காய் வாங்கும்போது தராசின் முள்ளை உற்று நோக்கும் கண்கள், இங்கு மட்டும் 'இலவசம்' என்னும் சொல்லைக் கண்டு மயங்கிவிடுகின்றன.

ஒன்றும் செய்யாமல் விமான நிலையத்திற்கு வந்து, அங்குள்ள நாணயமாற்றுக் கூடத்தில் கடைசி நேரத்தில் நோட்டு வாங்குவோரும் உளர். வேறு வழியின்றி வருவோரிடம் விலை ஏறியே இருக்கும். டாலருக்கு 71 ரூபாய் கேட்டால், அதே பணத்திற்கு 703 டாலரே கிடைக்கும். முதல் அட்டையோடு ஒப்பிடின் 48 டாலர் குறைவு. ஒரு கைக்குழந்தைக்குப் பல உடைகள் வாங்கத்தக்க தொகை அது.

இளைய மகன் கூறிய டெபிட் கார்டின் கணக்கு யாது? உள்ளூர் அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தினால், வலையமைப்பின் மாற்று விலைமேல் வங்கி தன் கூடுதல் கட்டணத்தை ஏற்றும். நம் நாட்டு வங்கிகள் பலவற்றில் அது நூற்றுக்கு இரண்டு முதல் மூன்றரை வரை உள்ளது. மூன்றரை எனவும், அதன்மேல் வரியும் உண்டு எனவும் கொண்டால், டாலர் ஒன்று 67 ரூபாய் 68 காசுக்கு வரும். ஐம்பதாயிரத்திற்கு 738 டாலர் அளவு. 'இலவச' அட்டையை விட இது சற்று மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். இக்கூடுதல் கட்டணம் இல்லாத அட்டைகளைத் தரும் வங்கிகளும் உண்டு. அத்தகையதொன்று கையில் இருப்பவர் பயண அட்டை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே மகன் கூற்றைப் புறந்தள்ள இயலாது. ஆனால் ஒன்று: ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டில் கொண்டுவந்த விதியின்படி, வங்கிகள் புதிதாக வழங்கும் டெபிட், கிரெடிட் கார்டுகள் இந்தியாவிற்குள் மட்டுமே இயங்குமாறு கொடுக்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை உடையவரே கேட்டுத் திறந்துவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விமானமேறியவர், கணக்கு நிறையப் பணம் இருந்தும், அயலூர்க் கடையில் விலைகொடுக்க இயலாமல் நிற்க நேரிடும்.

மேலும், உள்ளூர் அட்டையில் செலவு செய்யும் நாளின் விலையே கணக்கிடப்படும். பயண அட்டையிலோ பணம் ஏற்றிய நாளின் விலை நிலைத்துவிடும். அதன்பின் ரூபாயின் மதிப்பு இறங்கினால் பயணிக்கு ஊறில்லை. ஏறினால் ஊதியமும் இல்லை. நாளைய விலை யாரும் அறியாததொன்று. கையில் இத்தனை டாலர் உண்டு என்னும் உறுதியோடு செலவைத் திட்டமிடலாம் என்பதே இதனால் வரும் பயன். எண்ணிச் செலவிடும் சிறு குடும்பத்தார்க்கு அவ்வுறுதி பெரிதாகும்.

எந்த நாட்டுப் பணத்தை அட்டையில் ஏற்றுவது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க டாலர் உலகெங்கும் மதிக்கப்படுவதாதலின், அதை ஏற்றிக்கொண்டு எங்கும் செல்லலாம் என்று கருதுவோர் பலர். அட்டை எங்கும் இயங்கும் என்பது மெய்யே. ஆயின் அமெரிக்க டாலர் ஏற்றிய அட்டையைச் சிங்கப்பூரில் நீட்டினால், அமெரிக்க டாலர் மீண்டும் சிங்கப்பூர் டாலராக மாற வேண்டும்; அதற்கு மற்றொரு மாற்றுக் கட்டணம் கழியும். ரூபாய் ஒருமுறை மாற வேண்டிய இடத்தில் இருமுறை மாறி, இருமுறையும் தேய்கிறது. செல்லும் நாட்டின் பணத்தையே ஏற்றுவது முறை. புரூணை நாட்டுக்கும் சேர்த்துச் செல்வோர் ஒரு செய்தியை அறிந்து மகிழலாம்: 1967ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் சிங்கப்பூர் டாலரும் புரூணை டாலரும் ஒன்றுக்கு ஒன்றாக இரு நாடுகளிலும் செல்லும்.

அம்மையார் முதல் நிறுவனத்தின் அட்டையை வாங்கிச் சிங்கப்பூர் சேர்ந்துவிட்டார் எனக் கொள்க. பேத்தி பிறந்தாள். குழந்தைக்கு வேண்டிய பொருள்களை ஒரு பெரிய கடையில் எடுத்து வைத்தார். விலை 80 டாலர். அட்டையைப் பொறியில் செருகியதும், அதன் திரையில் ஒரு வினா தோன்றுகிறது. விலையைச் சிங்கப்பூர் டாலரில் செலுத்துகிறீர்களா, இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா என்பது அது. அட்டை இந்தியாவில் வழங்கப்பட்டது என்பதைப் பொறி அறிந்துகொண்டு கேட்கிறது. தம் நாட்டுப் பணத்தின் பெயரைக் கண்டவுடன் அன்பு கொண்டு, பலர் 'ரூபாய்' என்பதை அழுத்திவிடுகின்றனர். பயணிகள் இழக்கும் பணத்தில் வீணிலும் வீணானது இதுவே.

ரூபாய் என்று அழுத்தினால் நிகழ்வது யாது? மாற்று விலையைக் கடைக்காரரின் பக்கத்து நிறுவனம் வகுக்கிறது. டாலருக்கு 69 ரூபாய் என்று அது வகுத்தால், 80 டாலர் 5,520 ரூபாயாகும். அட்டையிலோ டாலர் உள்ளது. எனவே 5,520 ரூபாயைக் கொடுப்பதற்காக அட்டையிலுள்ள டாலர் மறுபடியும் ரூபாயாக மாற்றப்பட வேண்டும். நடுவிலையில் கணக்கிட்டாலும் அது ஏறத்தாழ 85 டாலர். அதன்மேல் மூன்றரை விழுக்காடு மாற்றுக் கட்டணம் ஏறினால் 88 டாலர். டாலரில் விலையிட்ட பொருளுக்கு, டாலர் நிறைந்த அட்டையிலிருந்து, எட்டு டாலர் மிகுதியாகக் கழிகிறது. தண்டம் யாரும் விதிக்கவில்லை. தாமே அழுத்திய பொத்தானால் வந்த செலவு அது. பணம் வழங்கும் ஏ.டி.எம். பொறிகளிலும் இவ்வினா எழுவதுண்டு. இரண்டிடத்தும் அந்நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைப் பணியாளர் விரைவில் தாமே ஒன்றை அழுத்திவிடுவதும் உண்டாதலின், திரையைக் காட்டுமாறு கேட்பதில் நாணம் வேண்டுவதில்லை.

ஏ.டி.எம். என்றவுடன் அதன் பிறப்பைப் பற்றி ஒரு சொல். இலண்டன் நகரின் என்பீல்டு பகுதியிலுள்ள வங்கிக் கிளையொன்றில் 1967ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் பணம் வழங்கும் பொறி முதன்முதல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு பாரன் 1925ஆம் ஆண்டில் நம் நாட்டின் ஷில்லாங்கில் பிறந்தவர். இரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்க அவர் முதலில் எண்ணினாராம். நான்கு இலக்கத்திற்கு மேல் தம் நினைவில் நில்லாது என்று அவர் மனைவியார் கூறவே, நான்காகக் குறைத்தார் என்பர்.

பயண அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால், எடுக்கும் தொகை சிறிதாயினும் பெரிதாயினும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவான கட்டணம் கழியும். எனவே இருபது இருபதாகப் பன்முறை எடுப்பதை விட, ஒருமுறை நூறாக எடுப்பது சிக்கனம். சிங்கப்பூரில் பெரிய கடைகளில் அட்டை செல்லும். நகர இரயிலிலும் பேருந்திலும் வங்கி அட்டையைத் தொட்டே பயணம் செய்யலாம். சிற்றுண்டிக் கடைகளிலும் காய்கறிச் சந்தையிலும் சிறு ரொக்கம் கையில் இருத்தல் நலம். ஆதலின், அண்டை வீட்டார் அறிவுரைப்படி சிறிது நோட்டும் எடுத்துச் செல்லத்தான் வேண்டும். தொகை முழுவதையும் நோட்டாகச் சுமப்பதே வேண்டாதது. திருடப்பட்ட நோட்டைத் திருப்பித் தருவார் இலர். அட்டை தொலைந்தால், வழங்கிய வங்கியைத் தொலைபேசியில் அழைத்து உடனே முடக்கிவிடலாம். கணக்கிலுள்ள பணம் கணக்கிலேயே இருக்கும். அழைக்க வேண்டிய எண்ணைத் தொலைந்த அட்டையின் பின்புறத்தில் மட்டுமே வைத்திருப்போர் அந்நேரத்தில் திகைப்பர். அதை வேறோர் இடத்தில் குறித்து வைத்தல் வேண்டும். இரகசிய எண்ணையோ எங்கும் குறித்தல் ஆகாது. அட்டையின் உறையில் எழுதி வைப்பது, பூட்டிய வீட்டின் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

விடுதியில் தங்குவோர்க்கும் வாடகைக் கார் எடுப்போர்க்கும் வேறொரு தொல்லை உண்டு. அவர்கள் முன்பிணையாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பர். கணக்கு முடிந்து பல நாள் சென்ற பிறகே அத்தொகை விடுபடும். அதுவரை, பணம் இருந்தும் பயணிக்கு உதவாது. வாடகைக் கார் நிறுவனங்கள் சில, முன்பணம் ஏற்றிய அட்டையை ஏற்பதே இல்லை. அத்தகைய பயணத்தில் கிரெடிட் கார்டு ஒன்றும் உடனிருத்தல் வேண்டும். மகள் வீட்டில் தங்கும் அம்மையார்க்கு இத்தொல்லை இல்லை.

திரும்பும் நாளையும் நினைத்துக்கொண்டே அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சிய டாலரை ரூபாயாக மாற்றும்போது நிறுவனம் விற்ற விலைக்கு வாங்காது. 66 ரூபாய்க்கு விற்ற டாலரை 63 ரூபாய்க்கு வாங்கினால், மீந்த நூறு டாலருக்கு 6,600 போட்டு 6,300 பெறுகிறோம். அதிலும் மறுபடி வரி உண்டு. சில அட்டைகளில் பணத்தைத் திரும்பப் பெறத் தனிக் கட்டணமும், நெடுநாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அதற்கொரு கட்டணமும் உண்டு. இவை விளம்பரத் தாளில் காணப்படா. கட்டண அட்டவணையில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அட்டை வாங்குவதற்கு முன் படித்தல் நன்று. தேவைக்கு மேல் ஏற்றாமல், குறைந்தால் ஊரிலுள்ள மகனைக் கொண்டு மறுபடி ஏற்றச் செய்வதும் ஒரு வழி. மறு ஏற்றத்திற்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே தாளில் காணலாம். செலவிடாத அயல்நாட்டுப் பணத்தை, ஊர் திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வைத்துக்கொள்ள இசைவு உண்டு.

திறன்பேசி வந்தபின் இத்துறை மேலும் மாறி வருகிறது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவின் யூ.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. அவற்றில் சேர்ந்துள்ள வங்கிகளின் வாடிக்கையாளர் ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டிலுள்ள உறவினர்க்குத் திறன்பேசியின் வழியே பணம் அனுப்பலாம். அம்முறையிலும் ரூபாய் டாலராகத்தான் மாற வேண்டும். மாற்று விலை என்ன என்று கேட்க வேண்டிய கேள்வி அங்கும் தொடர்கிறது.

ஒரு திங்கள் கழிந்தது. அம்மையார் ஊர் திரும்பப் பெட்டி கட்டுகிறார். அட்டையில் மீந்திருப்பது ஒன்பது டாலர். அதை மாற்றினால் வரும் ரூபாயை விட அதற்கான கட்டணம் பெரிதாக இருக்கும் என அறிந்து, விமான நிலையக் கடையில் அத்தொகைக்கு இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கக் கருதியுள்ளார். சென்னையில் இறங்கியதும் ஊர்தி வாடகைக்கு வேண்டிய இந்திய நோட்டுகள் கைப்பையில் தனியே உள்ளன. 25,000 ரூபாய் வரை அவ்வாறு உடன் எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவரலாம் என்பதால் புறப்படும்போதே வைத்துக்கொண்டவை. எஞ்சியவை கைப்பையின் அடியில் கிடக்கும் சில்லறைக் காசுகள். நாணயமாற்றுக் கடைகள் நோட்டை வாங்குமேயன்றிக் காசை வாங்குவதில்லை. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு காசிலும் நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழிலும் 'சிங்கப்பூர்' என்று பொறித்திருக்கிறது. தொட்டிலில் உறங்கும் பேத்திக்கென்று மருமகன் வாங்கி வைத்திருக்கும் மண் உண்டியலில், ஓசையெழாதவாறு, அவற்றை ஒவ்வொன்றாக இடுகிறார்.